அறுநூறு மீட்டருக்குள் ஒரு வீடு

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் காபி வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டால் அது கேட்டதாகவே ஆகாது. முதல் தடவை, "வேண்டாம், எதுக்கு வீண் சிரமம்" என்பார்கள். இரண்டாம் தடவை, "இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்" என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நாலு கோப்பை குடிப்பார்கள். கோபன்ஹேகனிலிருந்து மாற்றலாகி வந்த பாதிரியார் ஒருவர், டென்மார்க்கின் இந்த மேற்கு யூட்லாந்துக்காரர்களுக்குக் காபியே பிடிக்காது என்று ஒரு வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், ஒரு தடவைதான் கேட்பாராம்.

உதவி கேட்பதும் அப்படித்தான். முகத்துக்கு நேரே முடியாது என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். "அதுக்கென்ன, ஆகட்டும்" என்பார்கள். கேட்டவன் அதை உடனே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது கோப்பை ஊற்றும்போது "நிஜமாத்தான் சொல்றியா?" என்று கேட்க வேண்டும். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். மனசில் கிடப்பது அந்த மூன்றாம் தடவையில்தான் வெளியே வரும்.

வெர்னர் ஓட்கோர் இந்த ஊரில் பிறந்து எழுபது வருஷமாக இங்கேயே காபி குடிக்கிறவர். இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் கிரெஸ்டனிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்.

ஹெல்பி காற்றாலைச் சங்கத்துக்கு ஆரம்பம் முதல் வெர்னர்தான் தலைவர். ஆனால் சங்கத்தை ஆரம்பித்தது கிரெஸ்டன் லௌர்சன். எண்பத்து நாலாம் வருஷம் அது. வெர்னர் அப்போது டிராக்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். கிரெஸ்டனுக்குப் பன்னிரண்டு மாடும் கொஞ்சம் நிலமும் உண்டு, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "இந்தச் சனியன் புடிச்ச காத்து முப்பது வருஷமா என் வீட்டுக் கதவைப் புடுங்குது. ஒரு நாளாவது அதுகிட்ட வேலை வாங்கணும்டா" என்றார். முப்பத்து நாலு குடும்பங்கள் சேர்ந்தன. இருபத்திரண்டு மீட்டர் கம்பம், மூன்று இறக்கை. அதை நிறுத்தக் கிரெஸ்டன் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டைக் கொடுத்தார். வாடகை என்று யாரோ பேச்செடுத்ததற்கு, "அது சும்மா கெடக்குற மேடு, புல்லுகூட ஒழுங்கா மொளைக்காது" என்று சொல்லிவிட்டார்.

மறு வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புயல் வந்தது. காற்றாடியின் பிரேக் வழுக்கி, இறக்கைகள் கட்டுமீறிச் சுற்றத் தொடங்கின. அந்த ஊளை சர்ச்சுக்குள் கேட்டு, பாதிரியார் ஜெபத்தை நடுவில் நிறுத்தினார். எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். இறக்கை ஒன்று கழன்றால் எந்த வீட்டுக் கூரையில் விழும் என்று சொல்ல முடியாது. கிரெஸ்டன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு மேலே ஏறி, காற்றாடியின் முகத்தைக் காற்றிலிருந்து கையாலேயே சுழற்றித் திருப்பினார். அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் வெர்னர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கான்கிரீட்டில் பதித்த இரும்பு ஏணி அது. அதை யாரும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரில் அதைச் சொல்லிச் சொல்லி முப்பது வருஷம் சிரித்தோம். அவரும் கூடச் சிரிப்பார்.

அப்புறம் காற்று பெரிய வியாபாரமாகிவிட்டது. நாங்கள் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்ததை, ஆர்ஹூஸிலும் கோபன்ஹேகனிலும் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து செய்ய ஆரம்பித்தார்கள். எங்கள் பழைய காற்றாடிக்குக் கியர் பெட்டி உடைந்தது. மாற்றுச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் அது மேட்டின்மேல் அசையாமல் நின்றது. ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், கடையையும் மூடினார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனி வந்தது. ஆறு புதிய காற்றாடிகள் நிறுத்துவோம், சங்கத்துக்கும் பங்கு உண்டு என்றது. வெர்னருக்கு இருபது வயசு குறைந்த மாதிரி இருந்தது. ஊருக்கு நல்லது என்று நினைத்தது உண்மைதான். ஊருக்கு இன்னொரு தடவை காற்றைக் கொண்டுவந்தவன் என்று பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிய உண்மை. இந்தத் தடவை ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக இல்லை அவர்.

கம்பெனியிலிருந்து வந்த பெண்ணின் பெயர் ரிக்கே. நல்ல பெண். அக்டோபரில் ஒரு நாள் ஊர் மன்றத்துச் சுவரில் வரைபடத்தை ஒட்டி, ஆறு சிவப்புப் புள்ளிகளைக் காட்டினாள்.

"காத்தாடி நூத்தம்பது மீட்டர் உயரம். அதைப் போல நாலு மடங்கு தூரத்துக்குள்ள யாரும் குடியிருக்கக் கூடாது, அது சட்டம். அதாவது அறுநூறு மீட்டர். ஆறாவது காத்தாடிக்கு ஒரே ஒரு வீடு மட்டும் ஐநூத்தி நாப்பதுல வருது. அதை நாங்க வாங்கி இடிச்சுடுவோம். நல்ல விலைதான் குடுப்போம்."

அது யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். கிரெஸ்டன் அன்று வரவில்லை, முதுகு வலி. எல்லோரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிரெஸ்டன்கிட்ட நான் பேசறேன்" என்றார் வெர்னர்.

கிரெஸ்டன் மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று வெர்னர் ரிக்கேயிடம் கேட்கவில்லை. மொத்தத் திட்டமும் கையைவிட்டுப் போய்விடும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் போனார். கிரெஸ்டனின் சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. வெளியே வெண்முள் செடி வேலி முழுவதும் மேற்குக் காற்றில் கிழக்கே சாய்ந்து கிடக்கும். கிரெஸ்டன் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்துக் காபி ஊற்றினார். வெர்னர் வரைபடத்தை மேஜைமேல் விரித்தார்.

"ஏ அப்பா, நூத்தம்பதா!" என்றார் கிரெஸ்டன். "நம்ம கழுதை இருபத்திரண்டுதானே?"

"நம்ம கழுதை வருஷம் பூரா சுத்திக் குடுத்ததை, இது ஒண்ணே மூணு நாள்ல குடுத்துடும்டா."

"மூணு நாளா!" கிரெஸ்டன் சீட்டி அடித்தார். அவர் கண்ணில் உண்மையிலேயே சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்ததும் வெர்னருக்குப் பேச்சு எளிதாயிற்று. பின்னாளில் அவர் மனசை அதிகம் அரித்தது அந்தச் சந்தோஷம்தான்.

"ஒரே ஒரு சிக்கல் இருக்கு" என்றார். ஆறாவது புள்ளியிலும் அதைச் சுற்றிய வட்டத்திலும் விரலை வைத்தார். "உன் வீடு உள்ள வருது."

கிரெஸ்டன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் பிறந்தது, அவருடைய அம்மா செத்தது எல்லாம் அந்த வீட்டில்தான். எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு வந்தார்.

"ஊருக்கு நல்லதுன்னா, ஒரு கிழவன் வீட்டைப் புடிச்சுட்டுத் தொங்கறது நல்லாவா இருக்கும்?" என்றார் கிரெஸ்டன். "ஆகட்டும்டா."

சொல்லிவிட்டு இரண்டாவது கோப்பையை ஊற்றினார். வழக்கத்தைவிட மெதுவாக ஊற்றினார். ஊற்றி முடித்தும் குடுவையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வெர்னர் அந்தக் கையைப் பார்த்தார். "நிஜமாத்தான் சொல்றியா?" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைக் காபியோடு விழுங்கிவிட்டு, இந்த வருஷம் உருளைக்கிழங்கு அழுகிப்போனதைப் பற்றிப் பேசினார்.

வாசலுக்குக் கிரெஸ்டனும் கூட வந்தார். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். வெர்னர் வேலியைக் காட்டி, "வெட்டிவிடணும் போல இருக்கே" என்றார். இடிக்கப்போகும் வீட்டு வேலியை எதற்கு வெட்ட வேண்டும்? வாய்க்கு வந்ததைச் சொன்னார். கிரெஸ்டன், "ம், வெட்டணும்" என்றார். வெர்னர் காரில் ஏறினார். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. தெருமுனைத் தபால்பெட்டி அருகிலேயே காரை நிறுத்தி ரிக்கேயைக் கூப்பிட்டு, "சரின்னுட்டான்" என்று சொன்னார். காரின் கண்ணாடியில் கிரெஸ்டன் இன்னும் வாசலில் நிற்பது தெரிந்தது.

வீட்டில் மனைவி இங்கர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சங்கத் தலைவரே, போன காரியம் என்னாச்சு?"

"சரின்னுட்டான்."

"எத்தனை தடவை கேட்ட?"

வெர்னர் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார். "மூணு."

"மூணு தடவையும் சரின்னானா?"

"ஆமாங்கறேன்ல."

இங்கர் கத்தியை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "அப்ப நெஜமாத்தான் போறான்" என்றாள். "நானே ஒரு எட்டுப் போய்க் கேட்கலாம்னு இருந்தேன். மூணு தடவை சொன்னவன்கிட்ட நாலாவதா போய் நின்னா அவனை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் வெர்னர் அவளிடம் சொன்ன பொய்கள் ரொம்பக் குறைவு. இந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அவள் போயிருந்தால் கிரெஸ்டன் அவளிடமாவது சொல்லியிருப்பார். அந்த வழியையும் அடைத்துவிட்டோம் என்று அன்றே அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் சாப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்து ரிக்கே கையெழுத்து வாங்க வந்தாள். வெர்னரையும் கூட வரச் சொன்னாள். பல் டாக்டரிடம் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லி, பக்கத்து நகரமான திஸ்டெட் வரை போய், துறைமுகத்தில் காரை நிறுத்தி இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்.

மார்ச் மாதம் கிரெஸ்டன் திஸ்டெட்டில் ஒரு மூன்றாம் மாடிக்குக் குடிபோனார். வெர்னர்தான் டிரெய்லரோடு போய்ச் சாமான் ஏற்றினார். பெரிய சாமான் ஒன்றும் இல்லை, பன்னிரண்டு பெட்டி, ஒரு கட்டில், கடிகாரம். ஏற்றி முடித்த பிறகு கிரெஸ்டன் ஒவ்வொரு அறையாகப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். அடுத்த மாதம் பொக்லைன் வந்து பிய்த்துப் போடப்போகிற ஜன்னல்கள். காற்றில் ஒன்று திரும்பத் திரும்பத் திறந்துகொண்டது. அதை மூன்று தடவை சாத்தினார்.

அப்போதுகூட நேரம் இருந்தது. பணம் இன்னும் கைமாறவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் அப்போது கேட்டால், அக்டோபரிலேயே ஏன் கேட்கவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெர்னர் டிரெய்லர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"எல்லாம் எடுத்தாச்சாடா?" என்று கேட்டார்.

"எடுக்கறதுக்கு இன்னும் என்ன இருக்கு" என்றார் கிரெஸ்டன்.

வீட்டை இடிக்க இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. தலைவர் என்ற முறையில் வெர்னர் போய் நின்றார். பழைய காற்றாடியையும் அதே நாளில் இறக்கிக் கொண்டுபோனார்கள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் ஆறும் சுற்ற ஆரம்பித்தன. குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. இருபதாயிரம் வீட்டுக்கு மின்சாரம் என்றார்கள். சங்கத்துக்கு வந்த பங்கில் மன்றத்துக்குப் புதுக் கூரை போட்டோம், பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஏற்றிப்போக ஒரு வண்டி வாங்கினோம். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒரு ஊரே சேர்ந்து காற்றை எப்படிச் சொந்தமாக்கிக்கொண்டது என்று வெர்னரைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அவரும் பேசினார். ஆறாவது காற்றாடியைப் பற்றி மட்டும் எதுவும் பேசமாட்டார். வேலிச் செடி மட்டும் மிச்சமிருக்கிற அந்த இடத்தைத் தாண்டாமல் சர்ச்சுக்குப் போக, ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுவழி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். இங்கர் முதலில் கேலி செய்தாள், பிறகு கேலி செய்வதை விட்டுவிட்டாள்.

இதற்கெல்லாம் முன்னால், திறப்பு விழா அன்று தொத்திறைச்சியும் பீரும், பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியமுமாக அமர்க்களப்பட்டது. கிரெஸ்டன் கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரிக்கே கையில் பீரோடு வெர்னரிடம் வந்தாள்.

"இன்னும் பத்து வருஷத்துல பாருங்க வெர்னர், எல்லாம் கடலுக்குள்ள போயிடும். இருநூத்தம்பது மீட்டர், அதுக்கு மேலகூட. அங்க யார் வீடும் குறுக்க நிக்காது. இப்படிப் போய்ப் போய் ஆளுங்ககிட்டக் கெஞ்ச வேண்டிய வேலையே இருக்காது."

"எங்க ஊருல நீ ஒண்ணும் கெஞ்சலையேம்மா. கிரெஸ்டன் மட்டும் மாட்டேன்னிருந்தா இது எதுவுமே வந்திருக்காது" என்றார் வெர்னர். அப்படிச் சொல்லிக்கொண்டால் நெஞ்சுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். வீட்டிலும் பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுதான்.

ரிக்கே சிரித்தாள். "ஏன் வராது? அஞ்சோட நிறுத்தியிருப்போம். அஞ்சுக்கும் கணக்குப் போட்டு வெச்சிருந்தோமே. மன்றத்துக்குப் போடப்போற கூரைக்குப் பதிலா நீங்க சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்குவீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

யாரோ அவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். வெர்னர் கையிலிருந்த தொத்திறைச்சியைக் குப்பையில் போட்டுவிட்டு, இங்கரிடம்கூடச் சொல்லாமல் காரை எடுத்தார்.

கிரெஸ்டன் கதவைத் திறந்தபோது நன்றாகத்தான் நடந்து வந்தார், கால் வலி எதுவும் தெரியவில்லை. சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. கடிகாரம் சுவரில் இருந்தது. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"காத்து எப்படி இருக்கு அங்க?" என்று கேட்டார் கிரெஸ்டன். "இங்க மூணு கண்ணாடி போட்ட ஜன்னல். ஒண்ணும் கேக்காது. அடிக்குதா இல்லையான்னு எதிர்ல பள்ளிக்கூடத்துக் கொடியப் பாத்துதான் தெரிஞ்சுக்கறேன்."

"நல்லா அடிக்குது. மேக்குக் காத்து."

"ஆறும் சுத்துதா?"

"சுத்துது."

கிரெஸ்டன் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வெர்னரால் தாங்க முடியவில்லை. எதையும் யோசிக்காமல், இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டார்.

"கிரெஸ்டன், உனக்கு வீட்டை விட்டுப் போக இஷ்டம் இருந்துதாடா?"

"இல்ல" என்றார் கிரெஸ்டன்.

இவ்வளவு நேராக, சுற்றி வளைக்காமல் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் "இல்லை" என்று சொல்லி வெர்னர் கேட்டதே இல்லை. அவருக்கு முகம் வெந்துபோயிற்று. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினார். அன்று வேண்டுமென்றேதான் இரண்டாம் தடவை கேட்கவில்லை என்றார். இங்கரிடம் மூன்று தடவை கேட்டதாகப் பொய் சொன்னதைச் சொன்னார். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது, அதையும் சொன்னார்.

"அஞ்சே போதுமாம்டா. இன்னிக்குத்தான் ரிக்கே சொன்னா. நீ மாட்டேன்னு சொல்லியிருந்தா அஞ்சோட விட்டிருப்பாங்களாம். உன் வீடு நின்னிருக்கும்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் கிரெஸ்டன்.

"தெரியுமா?"

"கையெழுத்து வாங்க வந்தன்னிக்கே அந்தப் பொண்ணு சொல்லிட்டா. நல்ல பொண்ணுடா அவ. உங்களுக்கு மனசு இல்லேன்னா விட்டுடுங்க, அஞ்சு போதும், யாருக்கும் ஒண்ணும் கெட்டுப் போயிடாதுன்னு தெளிவா சொன்னா."

வெர்னருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்புறம் எதுக்குடா போட்ட கையெழுத்த?"

கிரெஸ்டன் பள்ளிக்கூடத்துக் கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசியபோது அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வெர்னர் பிழைத்திருப்பார்.

"அந்த ஒரு வாரமும் நீ வருவேன்னு பாத்துட்டே இருந்தேன். ரெண்டாவது கோப்பைல கேக்கல, வாசல்லயும் கேக்கல. சரி, வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வந்து கேப்பான்னு நெனச்சேன். அவ பேனாவைக் குடுத்தப்பகூட வெளில கார் சத்தம் கேக்குதான்னு பாத்தேன். நீ வரல. இவன் என்கிட்ட இப்படி நடந்துக்கற ஆள் இல்லையே, அப்ப இந்த ஆறாவது அவனுக்கு எவ்வளவு வேண்டியிருக்கணும்னு நெனச்சேன். உனக்கு அவ்வளவு வேணும்னு தெரிஞ்ச பிறகு, நான் எப்படிடா மாட்டேன்னு சொல்றது?"